சாலையைத் தோண்டாமல் சென்னையில் மெட்ரோ சுரங்கம் எப்படி அமைக்கிறார்கள்?

சுரங்கம் துளைக்கும் இயந்திரம் என்பது, முன்முகத்தில் சுழலும் வெட்டுச் சக்கரம் கொண்ட நீண்ட இரும்பு உருளை. 2017 மே மாதம் திருமங்கலம், நேரு பூங்கா இடையே ரயில் ஓடத் தொடங்கிய சென்னையின் முதல் சுரங்கப் பாதை இப்படித்தான் உருவானது.

மணலில் குழி தோண்டினால் கரை சரியும், நீர் ஊறும். அதனால்தான் நம் ஊர்களில் உறைகிணறு: தோண்டத் தோண்ட உறை இறங்கும். அந்தக் கிணற்றைப் படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் சற்று முன்னேறியதும் நிற்கும். வளைந்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்தி ஒரு வளையம் பூட்டுவார்கள். பிறகு பின்னால் நிற்கும் அந்த வளையத்திலேயே ஊன்றி உந்தி இயந்திரம் முன்னே நகரும். எத்தனை அழகான நுட்பம்! சென்னையில் களிமண்ணும் மணலும் கடும்பாறையும் மாறி மாறி வருவதால் வெட்டும் பற்கள் தேய்ந்து வேலை தாமதமாகிறது.

வழிநெடுகச் சாலையைப் பெயர்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மேலிருந்து தோண்டுவது பெரும்பாலும் நிலையங்கள் வரும் இடங்களில்தான்.