ப்ராக் ராக் வாசிக்க எந்த கீபோர்டு வாங்கலாம்?

கேள்வி: கோவையில் ஐந்து பேர் சேர்ந்து பேண்ட் தொடங்கியிருக்கிறோம். யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃப்ளாய்டு, ரஷ் போன்ற ப்ராக் ராக் (புரோக்ரெசிவ் ராக்) பேண்டுகளின் பாடல்களை வாசிப்பதுதான் திட்டம். நான் இதுவரை லைட் மியூசிக் கச்சேரிகளில் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-30 வாசித்துவந்தவன். ஒன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் 88 கீ வாங்கச் சொல்கிறார். நண்பர்கள் லேப்டாப்பே போதும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் பாட்டுப் பட்டியலை எடுங்கள். விலைப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

1970-களில் ப்ராக் ராக் கீபோர்டுக்காரர் மேடையில் ஒரே கருவியை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு ஹாமண்ட் ஆர்கன், ஒரு பியானோ, ஒரு மெலோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கருவி), ஒரு மினிமூக் சிந்தசைசர் என்று சுற்றிலும் அடுக்கியிருப்பார். யெஸ் பேண்டின் ரிக் வேக்மன் மேடையைப் பார்த்தால் கருவிகளுக்கு நடுவே ஆள் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே வேலை. கையை நகர்த்தினால் ஒலி மாறிவிடும். நீங்கள் அதையெல்லாம் ஒன்றிரண்டு பெட்டிக்குள் அடக்கப் போகிறீர்கள். அதனால் 'இதில் 3000 டோன் இருக்கிறது' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இரண்டு கையிலும் இரண்டு கருவி ஒரே நேரத்தில் நிற்குமா, பாட்டின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒலி அறுந்துபோகாமல் தாவ முடியுமா? பெட்டியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஜெனிசிஸின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' (1973) ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் தனி பியானோ. 2/4, 13/16, 15/16 என்று தாளம் மாறிக்கொண்டே போகும். பாடும் இடங்களில் ஹாமண்ட். நடுவில் ஆர்ப் ப்ரோ சோலோயிஸ்ட் சிந்தசைசரில் லீட். கிட்டார் சோலோவுக்கு அடியில் மெலோட்ரான். ஒரே பாட்டில் நான்கு கருவி! உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தால் ஒன்று தெரியவரும்: வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் ஆர்கனில் விட்டுக்கொடுக்க முடியாது.

லைட் மியூசிக்கில் ஆர்கன் என்றால் ஒரு பேட்ச் (சேமித்து வைத்த ஒலி), அவ்வளவுதான். இங்கே அது தனி வாத்தியம். ஹாமண்ட் பி-3, சி-3 மாடல்களுக்குள் 91 சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். அவற்றை எந்த அளவில் கலப்பது என்பதை ஒன்பது டிராபார்கள் (இழுத்துத் தள்ளும் கட்டைகள்) தீர்மானிக்கும். முதல் மூன்றை முழுக்க இழுத்து மற்றதை மூடி வைத்தால் (888000000 என்று எழுதுவார்கள்) கனமான, முன்னுக்கு நிற்கும் ஒலி வரும். மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க வெளிச்சம் ஏறும். வாசிப்பவர் இதைப் பாட்டின் நடுவிலேயே செய்துகொண்டிருப்பார். டச் ஸ்க்ரீனில் மெனு திறந்து செய்யக்கூடிய காரியமா இது?

ஹாமண்டுக்கு விரல் அழுத்தம் தெரியாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். ஏற்ற இறக்கமெல்லாம் வலது காலில் உள்ள எக்ஸ்பிரஷன் பெடலில். ஸ்வரம் தொடங்கும்போது வரும் தட்டலொலியான பர்க்கஷனும் அப்படி ஒரு தனிக் குணம் உள்ளது. எல்லா விரலையும் எடுத்துவிட்டு அடுத்த ஸ்வரம் வைத்தால்தான் அந்த 'டக்' கேட்கும், சேர்த்து வாசித்தால் கேட்காது. சாம்பிள் எடுத்துச் செய்த மலிவான ஆர்கன் பேட்சில் ஒவ்வொரு கீக்கும் 'டக் டக்' என்று வந்துகொண்டே இருக்கும். காதுள்ளவருக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, ஹாமண்டோடு சேர்த்து வைக்கும் லெஸ்லி ஸ்பீக்கர். மேலே ஹார்ன், கீழே பாஸுக்கான உருளை, இரண்டும் தனித்தனியாகச் சுழலும். மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றினால் ஹார்ன் சட்டென்று வேகம் பிடித்துவிடும், உருளைக்குச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆர்கன் மூச்சு வாங்குவது போல் இருக்கும். கடையில் ஒரு கார்டை (சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டம்) அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீபோர்டில் லெஸ்லியின் வேகத்தை மாற்றும் ரோட்டரி சுவிட்சை மாற்றிப் பாருங்கள். மேலும் கீழும் ஒன்றாகவே வேகம் பிடித்தால், நல்ல மாடலிங் (நிஜக் கருவி நடந்துகொள்வதை அப்படியே போலச் செய்வது) என்று என்னால் சொல்ல முடியாது.

இனி லீட், அதாவது தனியாக முன்னே வரும் சிந்தசைசர் மெட்டு. இங்கே உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. நாதஸ்வர பிட், வீணை பிட் என்று வாசித்துப் பழகிய இடது கைக்குப் பெண்டிங் (ஸ்வரத்தை வளைப்பது) சொல்லித்தர வேண்டியதில்லை. மினிமூக் 1970-இல் வந்தது. 44 கீ, மூன்று ஆஸிலேட்டர், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். உங்கள் பேட்சையும் மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்) போடுங்கள், லெகாட்டோவை (ஸ்வரங்களை அறாமல் சேர்ப்பது) ஆன் செய்யுங்கள், கொஞ்சம் போர்ட்டமென்டோ (ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவது) வையுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் எவ்வளவு விலையுள்ள கீபோர்டானாலும் அந்த லீட் வராது. பெண்ட் ரேஞ்ச் இரண்டு செமிடோன் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கமகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரத்தில் நேராக நின்று, அது முடியப்போகும்போது வைப்ரேட்டோ கொடுத்தால்தான் இந்த இசைக்குப் பொருந்தும்.

ஆனால் ஒரு சிக்கல். இடது கை ஆர்கனில் கார்டு பிடித்திருக்கும்போது பெண்ட் லிவரையும் (வைப்ரேட்டோ கொடுக்கும்) மாடுலேஷனையும் யார் தொடுவது? ஆஃப்டர்டச் இதற்குத்தான். கீயை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வைப்ரேட்டோ வரும். ஜெனிசிஸின் டோனி பேங்க்ஸ் வாசித்த ப்ரோ சோலோயிஸ்டிலேயே அந்த வசதி இருந்தது. உங்கள் விலையில் கிடைக்கும் பெரும்பாலான கீபோர்டுகளில் இல்லை. மாற்று வழி ஒன்று சொல்கிறேன்: பேட்சில் வைப்ரேட்டோவுக்கு ஒரு டிலே வையுங்கள். ஸ்வரம் நீண்டால் தானாக வரும், வேகமான ஓட்டத்தில் தலைகாட்டாது. இரண்டாவது எக்ஸ்பிரஷன் பெடலை மாடுலேஷனுக்கு ஒதுக்கினாலும் சரி.

மெலோட்ரானைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதில் 35 கீ. ஒவ்வொரு கீக்கும் ஒரு டேப் துண்டு, சுமார் எட்டு விநாடி ஓடும், அப்புறம் நின்றுவிடும். நல்ல டேப் ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள் ஒன்றைத் தேடி எடுத்து, வெலாசிட்டியை (விரல் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறுவது) அணைத்துவிட்டு, எட்டு விநாடிக்குள் கையை எடுத்து எடுத்து வாசித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. விரலை எடுக்காமல் இரண்டு நிமிடம் அழுத்தியே இருந்தால் அது பக்திப் பாடல் ஸ்ட்ரிங்ஸ் ஆகிவிடும்.

சரி, 88 கீ வேண்டுமா? கடைக்காரர் சொல்வது பியானோவுக்குச் சரி. 88 கீ மாடல்களில் வரும், பியானோ போலக் கனமான ஹாமர் கீயில் ஆர்கன் வாசிப்பது கைக்குத் தண்டனை. கீக்களின் மேல் உள்ளங்கையால் வரிசையாக இழுக்கும் கிளிஸாண்டோவை நாலு தரம் செய்தால் தோல் சிவந்துவிடும். எடையும் இருக்கிறது: யமஹா மோடெக்ஸ் 61 கீ மாடல் ஏழு கிலோவுக்குள், அதன் 88 கீ மாடல் ஏறக்குறைய பதினான்கு. பட்டியலில் பாதிக்கு மேல் பியானோ பாட்டாக இருந்தால் மட்டும் 88 பக்கம் போங்கள்.

இப்போது மாடல்கள். நார்டு ஸ்டேஜ் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். உங்கள் தொகைக்கு எட்டாது, அதை விடுவோம். நார்டு எலெக்ட்ரோ 6டி செகண்ட் ஹேண்டில் கண்ணில் படலாம். ஆர்கன் பிரமாதம், நிஜ டிராபார், மெலோட்ரான் சாம்பிளும் நார்டு கம்பெனியே தருகிறது. ஆனால் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் வீல் கிடையாது! லீட் வாசிக்கிறவர் இது தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. யமஹா ஒய்சி61-இல் ஒன்பது டிராபார், ஆர்கனுக்கு ஏற்ற கீ, நல்ல மின்சார பியானோ எல்லாம் உண்டு. சிந்தசைசர் பகுதி மட்டும் இளைப்பு. கோர்க் நாட்டிலஸ் உள்ளே மிக வளமானது, டிராபார் ஆர்கனுக்கே சிஎக்ஸ்-3 என்று தனி எஞ்சின் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளியே பிடித்துத் திருப்ப ஆறு குமிழ்தான், பூட் ஆகவும் நேரம் பிடிக்கும்.

மிஞ்சுவது யமஹா மோடெக்ஸ் பிளஸ், ரோலண்ட் ஃபேண்டம்-06. மோடெக்ஸின் பியானோவும் எஃப்எம் ஒலிகளும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 80-களின் பாடல்கள் என்றால் அதையே சொல்வேன். ஆனால் ஆர்கனுக்குத் தனி எஞ்சின் இல்லை, ஸ்லைடரும் நான்குதான். ஃபேண்டம்-06-இல் டோன்வீல் ஆர்கனுக்கென்று தனி மாடலிங் இருக்கிறது, டிராபார் போல இழுக்க எட்டு ஸ்லைடர் இருக்கிறது, அனலாக் வகை லீடும் நன்றாக வரும். ரோலண்ட் லிவரும் உங்களுக்குப் பழகியதே. இரண்டிலுமே ஆஃப்டர்டச் இல்லை. உங்கள் பட்டியலுக்கு நான் ஃபேண்டம்-06 என்றுதான் சொல்வேன். விலை அடிக்கடி மாறுகிறது, இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிடுங்கள்.

எக்ஸ்பிஎஸ்-30-ஐ விற்றுவிடாதீர்கள். இரண்டு அடுக்கு ஸ்டாண்டு வாங்கி, கீழே ஃபேண்டம், மேலே எக்ஸ்பிஎஸ். ஒரு மிடி கேபிளால் இணைத்து, மேல் கீபோர்டிலிருந்து ஃபேண்டமின் ஒரு ஸோனை (ஒரு ஒலிக்கு ஒதுக்கிய பகுதி) மட்டும் வாசிக்கும்படி சேனல் அமைத்துக்கொள்ளுங்கள். கீழே இடது கையில் ஆர்கன், மேலே வலது கையில் லீட், இரண்டும் ஃபேண்டமின் ஒலி. ஸ்ப்ளிட் போட்டு (ஒரே கீபோர்டை இரண்டாகப் பிரித்து) 61 கீயைப் பங்கு போட்டுக்கொள்ளும் அவஸ்தை இல்லை. ரஷ்ஷின் 'டாம் சாயர்' (1981) தொடங்கும் அந்த உறுமல் ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ் சிந்தசைசரில் செய்தது. ரெசொனன்ஸை ஏற்றி, ஃபில்டர் மேலிருந்து கீழே இறங்கும்படி என்வலப் வைத்த ஒற்றை ஸ்வரம். அதை மேல் கீபோர்டின் கடைசிக் கீயில் ஒதுக்கி வைத்துவிட்டால் பேட்ச் மாற்றவே வேண்டாம். யெஸ்ஸின் 'ரவுண்டபவுட்' ஆரம்பத்தில் வரும், வீங்கி வந்து நிற்கும் அந்த ஒலி டேப்பில் பின்னோக்கி ஓடவிட்ட பியானோ; அதையும் ஒரு சாம்பிளாகப் பேடில் போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதும் தப்பில்லை. ஒலித் தரத்தில் இன்று அதுதான் முன்னால் நிற்கிறது. மேக் இருந்தால் மெயின்ஸ்டேஜ் என்ற மேடைக்கான மென்பொருளோடு குறைந்த செலவில் முடிந்துவிடும். ஆர்கனுக்கும் மெலோட்ரானுக்கும் அருமையான பிளகின்கள் உண்டு. 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபரை (ஒலியைச் சேர்த்து அனுப்பும் இடைத் தேக்கம்) 128 சாம்பிளில் வைத்தால் அந்த பஃபரால் வரும் தாமதம் மூன்று மில்லி விநாடிக்குள்தான். ஆனால் ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்ட்ரோலர், தளர்ந்துபோகும் யூஎஸ்பி வயர், நடு நிகழ்ச்சியில் கண் விழிக்கும் அப்டேட் என்று கவனிக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும். பாட்டுக்குப் பாட்டு தாளம் மாறும் இசையில் உங்கள் கவனம் அங்கே போகக் கூடாது. வீட்டில் பழகவும் ஒலி தேடவும் லேப்டாப், மேடைக்கு கீபோர்டு. முதல் ஒரு வருடம் இப்படி ஓட்டுங்கள்.

கடைக்கு உங்கள் சொந்த ஹெட்போனை எடுத்துப் போங்கள். டெமோ பட்டனைத் தொட விடாதீர்கள். ஒரு கார்டை சஸ்டெய்ன் பெடலில் பிடித்தபடி அடுத்த ஒலிக்கு மாறுங்கள். பழைய ஒலி அறுந்தால் பெரிய குறை. மோடெக்ஸில் நான்கு பார்ட்டுக்குள் (அடுக்கிய ஒலிகள்) அமைத்த பெர்ஃபார்மன்ஸ்களுக்கு (சேமித்த அமைப்புகள்) இடையே மட்டும்தான் அறாமல் மாறும், இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு வரம்பு இருக்கும். அப்புறம் ஸ்ப்ளிட் போட்டு, சஸ்டெய்ன் பெடல் வலது பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யும்படி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பியானோவோடு ஆர்கனும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் கூழாகிவிடும். மோனோ லீடில் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்து, மேலே இன்னொன்றைத் தட்டித் தட்டி எடுங்கள். எடுக்கும்போது பிடித்திருக்கும் ஸ்வரத்துக்குத் திரும்ப வர வேண்டும். பழைய மினிமூக்கில் கீழ் ஸ்வரத்துக்கே முன்னுரிமை, அதனால் அங்கே மேல் ஸ்வரத்தைப் பிடித்துக் கீழே தட்டுவார்கள். பதிவில் கேட்கும் சில திரில்கள் (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) விரலுக்கு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் மிக்ஸர்காரர் ஒரே ஒரு வயர் தருவார். அப்போது 'எல்/மோனோ' அவுட்டில் மட்டும் செருகுங்கள். ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் லெஸ்லியின் சுழற்சி பாதி காணாமல் போகும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையென்றால் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம், கரண்ட் ஒரு நொடி இமைத்தாலும் கீபோர்டு முதலிலிருந்து பூட் ஆகும். எக்ஸ்பிரஷன் பெடலை ரோலண்டுக்கு ரோலண்ட் வகையாகவே வாங்குங்கள். யமஹா பெடலில் உள்ளே வயரிங் மாறியிருக்கும். செருகினால் பொருந்தும், மிதித்தால் தாறுமாறாக வேலை செய்யும்.