தேவனை அஸ்திபாரமாகக் கொண்டு வாழ்வது என்றால் என்ன?

விசுவாசித்தால் போதாதா, அஸ்திபாரம் என்று ஏன் தனியே சொல்ல வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு 7:24-27இல் இயேசு சொன்ன உவமையில் வீடு கட்டும் இருவருமே அவருடைய வார்த்தைகளைக் கேட்டவர்கள்தாம். கேட்டபடி செய்தவனுடைய வீடு கற்பாறைமேல் நிலைத்தது, செய்யாதவனுடைய வீடு விழுந்தது. இதே உவமையைக் கூறும் லூக்கா 6:48 மட்டும் 'ஆழமாய்த் தோண்டி' என்று சேர்த்துச் சொல்வதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

2022 ஏப்ரல் பெருமழையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சரிவுகளில் வீடுகள் மண்ணோடு சரிந்ததைக் கண்ட நமக்கு, வெயில் நாளில் எல்லா வீடும் ஒன்றுபோலவே தெரியும் என்பது நன்றாகப் புரியும் (வீடிழந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை). அந்தப் பாறை கிறிஸ்துவே என்பதை 1 கொரிந்தியர் 3:11 தெளிவாக்குகிறது; தோண்டும் வேலையோ, அன்றாட ஜெபம், பகைத்தவரை மன்னித்தல், வேலையாளின் கூலியைக் குறைக்காமல் கொடுத்தல் என்று, பிறர் கண்ணில் படாத கீழ்ப்படிதலாக நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.