ஈஸ்ட் ஹாமில் வீடு பார்க்கலாமா? முதலில் பள்ளியைப் பாருங்கள்

கேள்வி: நான் செவிலியர். கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறோம். பையனுக்கு வரும் நவம்பரில் 11 வயது முடிகிறது. கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. மகளுக்கு மே மாதம் 4 முடிந்தது. நியூஹாம் பரோவில் ஈஸ்ட் ஹாம் என்ற இடத்தில் தமிழர்கள் நிறைய, அங்கேயே வீடு பாருங்கள் என்கிறார் கூட வேலை பார்த்தவர். அந்தப் பக்கமே போகாதே, நெரிசல், பள்ளியும் சரியில்லை என்கிறார் லண்டனில் இருக்கும் பெரியப்பா மகன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தில் பையனின் பிறந்த மாதத்தைத்தான் முதலில் அடிக்கோடிட்டேன். இங்கிலாந்தில் எந்த வகுப்பு என்பதை செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். நவம்பரில் 11 முடிகிற பிள்ளை இந்த செப்டம்பரில் 6-ஆம் வகுப்பு, அதாவது தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு. அடுத்த செப்டம்பரில் 7-ஆம் வகுப்புக்கு மேல்நிலைப்பள்ளி மாற வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த அக்டோபர் 31. நீங்கள் வந்து இறங்குவதோ ஆகஸ்டில். வங்கிக் கணக்கு, குடும்ப மருத்துவரிடம் பதிவு, உங்கள் முதல் இரவு ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தத் தேதி வந்து நிற்கும். தவறவிட்டால் பள்ளியே கிடைக்காது என்றில்லை. ஆனால் நேரத்துக்குள் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தபிறகு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

நம் ஊரில் வீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் நல்ல பள்ளியாகப் பார்த்து வேன் ஏற்றி அனுப்புவோம். இங்கே அது நடக்காது. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, நன்கொடை கிடையாது, சிபாரிசு செல்லாது. அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீட்டிலிருந்து பள்ளி எத்தனை தூரம் என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஒரு தெரு தள்ளி வீடு எடுத்ததால் இடம் தவறிய குடும்பங்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன். ஆகவே பள்ளி முதலில், தெரு இரண்டாவது, வீடு மூன்றாவது.

சரி, நியூஹாம் என்பது என்ன? லண்டனில் 32 பரோக்கள் உண்டு. நம் மாநகராட்சி மண்டலம் போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்சில், தனி வரி, தனிப் பள்ளி நிர்வாகம். வெஸ்ட் ஹாம், ஈஸ்ட் ஹாம் என்று தனித்தனியாக இருந்த இரண்டு ஊர்களை 1965-இல் சேர்த்து வைத்த பெயர்தான் நியூஹாம். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 3,51,000. பத்தாண்டுக்கு முன் 3,08,000. நெரிசல் என்று உங்கள் அண்ணன் சொன்னது பொய்யில்லை. இங்கே பாதிப் பேருக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆசியப் பின்னணி உள்ளவர்கள் நூற்றுக்கு 42 பேர். அவர்களில் பெரிய கூட்டம் வங்கதேசத்தார், அடுத்துதான் இந்தியர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘குட்டித் தமிழ்நாடு’ என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே முழிப்பார்கள். தமிழ் கேட்பது ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற ஒரு நீளமான கடைவீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும்தான். ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, கட்டிய மல்லிகைச்சரம் எல்லாம் நடைபாதை ஓரத்திலேயே இருக்கும். மாலையில் கொத்துரொட்டி போடும் டக டக சத்தம். அங்கே கேட்கிற தமிழும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்கள் கட்டி எழுப்பிய கடைவீதி அது. தமிழ்நாட்டுக்காரர்கள் பின்னால் வந்து சேர்ந்தோம். கடைக்காரர் ‘என்ன வேணும் தங்கச்சி’ என்று கேட்டு, இரண்டு நிமிஷம் கதைத்துவிட்டுத்தான் சில்லறை தருவார். அதே பரோவில் பெக்டன் பக்கமோ, ராயல் டாக்ஸ் பக்கமோ வீடு எடுத்தால் கொத்தமல்லிக்கட்டுக்குக்கூட பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இனி பள்ளி. நியூஹாம் பள்ளி சரியில்லை என்பது பழைய கதை. ஈஸ்ட் ஹாமிலுள்ள பிராம்ப்டன் மேனர் அகாடமி ஓர் அரசுப் பள்ளி. 2021-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் சேர்த்து அதன் மாணவர்களுக்கு 55 இடங்கள் வந்தன. பிரதமர்களை உருவாக்கிய ஈட்டன் பள்ளிக்கு அந்த வருடம் 48. இதைக் கேட்டதும் நம்மவர்கள் அந்தப் பள்ளிச் சுவரை ஒட்டியே வீடு தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த 55 பேரும் சிக்ஸ்த் ஃபார்ம் என்கிற 12, 13-ஆம் வகுப்பு மாணவர்கள். அதற்கு 10, 11-ஆம் வகுப்பில் படித்து எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து லண்டன் முழுவதிலுமிருந்து எடுக்கிறார்கள். 7-ஆம் வகுப்பில் சேர்ந்துவிட்டதால் அந்த இடம் உறுதி என்று அர்த்தமில்லை. இன்னொரு பக்கம், வேறு பள்ளியில் 11-ஆம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை 16 வயதில் அங்கே போகலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012-இல் தொடங்கிய லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸுக்கும் போகலாம். ஆகவே 11 வயதில் ஒரே பெயரைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நடந்து போகிற தூரத்தில் ஒழுங்காக நடக்கிற பள்ளி போதும்.

விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். ஆறையும் நிரப்புங்கள். ‘இதை முதலில் போட்டால் அது கோபித்துக்கொள்ளும்’ என்று ஒரு வதந்தி உண்டு. நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முடிவெடுக்க முடியாது. உண்மையில் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள், கடைசியில் மட்டும் வீட்டுக்கு மிக அருகில் உள்ள ஒன்றைப் போட்டுவையுங்கள். முடிவு மார்ச் 1 வாக்கில் வரும். போன ஆண்டு ஒவ்வொரு பள்ளியிலும் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற விவரத்தைக் கவுன்சிலிடம் கேளுங்கள். வீடு தேட அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வு அறிக்கையையும் படியுங்கள். ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற ஒற்றைச்சொல் மதிப்பீட்டை 2024 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்; பள்ளி வாசலில் தொங்கும் பழைய பேனரை நம்பாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் பள்ளியைத் திறந்து காட்டுவார்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளி பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். நியூஹாமில் அது கிடையாது. பக்கத்து ரெட்பிரிட்ஜில் இல்ஃபோர்டு கவுன்டி ஹை பையன்களுக்கு, வுட்ஃபோர்டு கவுன்டி ஹை பெண்களுக்கு. நுழைவுத்தேர்வு செப்டம்பரில், அதற்கான பதிவோ கோடையிலேயே முடிந்துவிடும். உங்கள் பையனுக்கு இந்த முறை அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது தொடக்கப்பள்ளியின் முதல் ஆண்டு. அதற்கான ஜனவரி 15 கெடு எப்போதோ போய்விட்டது. அவளுக்கும், பையனின் 6-ஆம் வகுப்புக்கும், முகவரி கையில் வந்த அன்றே கவுன்சிலில் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி கிடைக்காமல் போகலாம். காலையில் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று கணவரோடு இப்போதே பேசி வையுங்கள். ஒரு நல்ல செய்தி: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். லண்டன் முழுக்க இது வந்தது 2023-இல். நியூஹாம் 2009-லேயே ஆரம்பித்துவிட்டது. காமராசரின் மதிய உணவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை, ஆனாலும் ஒரு செவிலியர் சம்பளத்தில் அது பெரிய உதவி. சைவம் என்றால் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

வீட்டு விஷயத்தில் நானே சூடு கண்டவன். முதல் வருடம் ஒரு தரகர் காட்டிய வீட்டை அவசரத்தில் பிடித்தோம். புது வால்பேப்பர் பளபளவென்று இருந்தது. நவம்பரில் குளிர் வந்ததும் அது மெல்ல உரிந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அதற்கு வாடகை உரிமமே வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தனியார் வாடகை வீடுகளுக்குப் பரோ முழுவதும் உரிமம் கட்டாயம் என்று 2013-இல் நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது நியூஹாம்தான். இப்போதும் பெரும்பாலான பகுதிகளில் உரிமம் வேண்டும். கவுன்சிலின் இணையப் பட்டியலில் வீட்டு முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும், ஐந்து நிமிட வேலை. முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளிக்கு முகவரிச் சான்று கேட்கும்போது அதுவும் கவுன்சில் வரி ரசீதும்தான் பேசும். அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்து இடம் வாங்கலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

என் யோசனை: ஈஸ்ட் ஹாமுக்கும் மேனர் பார்க்குக்கும் நடுவில் தேடுங்கள். ஒரு பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், மறுபக்கம் எலிசபெத் லைன் ரயில். சர்ச் ரோட்டில் முருகன் கோயில், கோபுரத்தோடு. 12 மணி நேர ஷிப்ட் முடித்து வருகிற உங்களுக்கு, கோயிலும் கடையும் நடக்கிற தூரத்தில் இருப்பது முதல் குளிர்காலத்தில் பெரிய பலம்.

பார்க்கிற இடங்களை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாமிலேயே 1903-இல் கட்டிய செங்கல் நிற டவுன் ஹால், அதன் மணிக்கூண்டு, இன்னும் தெற்கே போனால் 12-ஆம் நூற்றாண்டு மேரி மக்தலேன் தேவாலயம். விமானப் பைத்தியம் என்றால் ராயல் டாக்ஸ் போங்கள்; பழைய கப்பல்துறைகளுக்கு நடுவே ஓடுபாதை போட்டு 1987-இல் திறந்த லண்டன் சிட்டி விமான நிலையம் அங்கேதான். 1931-இல் காந்தியும் சார்லி சாப்ளினும் சந்தித்தது கேனிங் டவுனில், இந்திய டாக்டர் ஒருவர் வீட்டில். அதுவும் இந்தப் பரோதான். ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பூங்காவில் சிவப்பாக முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆர்பிட் கோபுரம் 114.5 மீட்டர். வடிவமைத்த இருவரில் அனிஷ் கபூர் மும்பையில் பிறந்தவர், செசில் பால்மண்ட் இலங்கையில் பிறந்தவர். பார்க்க அழகா என்று கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன், ஆனால் அதில் 178 மீட்டர் சறுக்குமரம் ஒன்று உண்டு. பையன் விடமாட்டான்.

விளையாட்டு இந்தப் பரோவின் உயிர். கப்பல் கட்டும் தொழிலாளிகள் 1895-இல் தொடங்கிய கால்பந்து அணிதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். 1966 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அடித்த நான்கு கோல்களும் இந்த அணிக்காரர்கள் அடித்தவை: ஹர்ஸ்ட் மூன்று, பீட்டர்ஸ் ஒன்று. தலைவர் பாபி மூரும் இங்கேதான் ஆடினார். 1904 முதல் அப்டன் பார்க்கில் இருந்த மைதானத்தை 2016-இல் விட்டு, ஒலிம்பிக் அரங்குக்குப் போய்விட்டார்கள். ஆட்ட நாளில் ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாக வேலைக்குப் போகாதீர்கள். அதே பூங்காவின் நீச்சல் அரங்கில், ஒலிம்பிக் வீரர்கள் நீந்திய அதே 50 மீட்டர் குளத்தில், சாதாரணக் கட்டணம் கட்டி யாரும் நீந்தலாம். தொடக்கப்பள்ளி முடிப்பதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தாமிரபரணியில் குதித்து வளர்ந்த பையன் என்றால் பிரச்சினை இல்லை.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். பள்ளியை நம்பாதீர்கள், பல அரசுப் பள்ளிகளில் அது பேருக்குத்தான். கிளப் தேட வேண்டும். பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஆகவே நீங்கள் வரும்போது முடிகிற நேரம். குளிர்காலத்தில் உள்ளரங்க வலைப்பயிற்சி நடக்கும். ‘கோல்ட்ஸ்’ என்ற சிறுவர் பிரிவு எந்தக் கிளப்பில் இருக்கிறது என்று அப்போதே விசாரித்து ஜனவரியில் பெயர் கொடுங்கள். சென்னையில் பிறந்து இங்கிலாந்துக்குத் தலைவரான நாசர் உசேன் பயிற்சி எடுத்தது பக்கத்து இல்ஃபோர்டில், அவர் அப்பா நடத்திய உள்ளரங்கப் பள்ளியில்தான். பையனிடம் இதைச் சொல்லுங்கள், விமானம் ஏறுகிற அழுகை குறையும். அதுவரை வெஸ்ட் ஹாம் பார்க்கில் வலை இருக்கிறது. மட்டையை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள், இங்கே விலை கண்ணைக் கட்டும். ஹெல்மெட்டையும் மறக்க வேண்டாம். கெட்டிப் பந்தில் 18 வயதுக்குள் உள்ளவர்களை அது இல்லாமல் பேட்டிங்குக்கு இறக்க மாட்டார்கள்.