மூன்று நீர்த்துளிகள்: சீன எழுத்தின் உறுப்புகள் பற்றிய கேள்வி பதில்

சீன எழுத்துகளை ரேடிகல், அதாவது எழுத்துக்குள் நின்று அகராதியில் அதன் தலைப்பைக் காட்டும் உறுப்பு, வழியாகக் கற்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: 214 ரேடிகல்களையும் மனப்பாடம் செய்த பிறகுதான் எழுத்துகளைத் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அது மாணவருக்காக வகுத்த பட்டியல் அன்று. அகராதி தொகுத்தவர்கள் எழுத்துகளை அடுக்குவதற்காக வகுத்தது. சீனர்கள் ரேடிகலை 'பூஷோ', அதாவது பகுதியின் தலை, என்று அழைப்பதற்கும் அதுவே காரணம். கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த அகராதியில் 540 தலைப்புகள் இருந்தன. 1615இல் மெய் யிங்ஸுவோ தம் அகராதியில் அவற்றை 214 ஆகச் சுருக்கினார். காங்ஷி பேரரசரின் ஆணையால் 1716இல் முடிந்த, 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகளைக் கொண்ட பேரகராதியும் அதே வரிசையை ஏற்றதால் அந்த எண் நிலைத்துவிட்டது. அந்த 214இல் கடைசி உறுப்பு பதினேழு கோடுகள் கொண்ட ஒரு குழற்கருவி. தொடக்க நிலையில் அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. நீர், கை, வாய், ஆள், நெஞ்சு, மரம், பேச்சு என்று அடிக்கடி வருகின்ற முப்பது நாற்பதை மட்டும், எழுத்துகளோடு சேர்த்தே பழகுங்கள்.

கேள்வி: இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகளைக் கண்டால் பொருளை ஊகித்துவிடலாமா?

பதில்: அந்தத் துளிகள் நீர் என்னும் ரேடிகலின் இடப்பக்க வடிவம். அவற்றைக் கொண்டு இனத்தை ஊகிக்கலாம், பொருளை ஊகிக்க முடியாது. ஆறு, கடல், ஏரி, வியர்வை, கண்ணீர், எண்ணெய் ஆகிய அனைத்திற்கும் அதே மூன்று துளிகள்தாம். கடைக் கதவில் 'தள்ளு' என்றிருந்தாலும் 'இழு' என்றிருந்தாலும் இடப்பக்கத்தில் கைதான் நிற்கும். ரேடிகலை மட்டும் நம்பினால் கதவோடு மல்லுக்கட்ட நேரிடும்.

கேள்வி: அப்படியானால் எழுத்தின் மறுபாதி எதற்கு?

பதில்: பெரும்பாலும் ஒலிக்கு. ரேடிகலை மட்டும் படித்துவிட்டு இந்தப் பாதியைக் கைவிடுவதே பலரும் செய்யும் பிழை என்பது என் கருத்து. பசுமையும் நீலமும் கலந்த நிறத்தைக் குறிக்கும் 'ச்சிங்' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் நீரைச் சேர்த்தால் தெளிவு, சூரியனைச் சேர்த்தால் மழை விட்ட வெயில், பேச்சைச் சேர்த்தால் வேண்டுகோள், நெஞ்சைச் சேர்த்தால் உணர்வு. தொனி மாறுகிறதே தவிர நான்கும் 'ச்சிங்' என்றே ஒலிக்கின்றன. இவற்றை நான்கு தனி எழுத்துகளாகப் படிப்பவர் நான்கு மடங்கு உழைக்கிறார். ஆயினும் எழுத்துகள் உருவான காலத்து ஒலி இன்று பல இடங்களில் மாறிவிட்டது: யாங்சி ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்' என்ற எழுத்தில் ஒலிக்காக நிற்பது 'கோங்'.

கேள்வி: கல்லீரலைக் குறிக்கும் எழுத்தில் நிலவு ஏன் வருகிறது?

பதில்: அது நிலவு அன்று, இறைச்சி. இரண்டும் எழுதி எழுதி ஒரே வடிவமாகிவிட்டன. உடலுறுப்பின் பெயரில் நிலவைக் கண்டால் இறைச்சி என்றே கொள்ளுங்கள். காது போலத் தோன்றும் உறுப்பும் இவ்வாறே: இடப்பக்கம் நின்றால் மேடு, வலப்பக்கம் நின்றால் ஊர்.

கேள்வி: எளிமையாக்கிய எழுத்துகளில் இந்த முறை செல்லுபடியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகும். ஆனால் எழுத்துகளை எளிமையாக்கச் சீன அரசு கொண்டுவந்த 1956ஆம் ஆண்டுத் திட்டத்திற்குப் பின், 'காதால் கேட்டல்' என்னும் எழுத்து தன் காதை இழந்து வாயைப் பெற்றது. 'அன்பு' தன் நடுவில் இருந்த நெஞ்சை இழந்தது. அத்தகைய இடங்களில் பழைய வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கைப்பேசியில் எழுத்தை வரைந்தாலே அகராதி காட்டிவிடுகிறதே, உறுப்புகளின் பெயர்களை ஏன் அறிய வேண்டும்?

பதில்: அகராதியில் தேடுவதற்காக என்றால் தேவையில்லை, பேசுவதற்குத் தேவை. ஒரே ஒலியில் பல எழுத்துகள் இருப்பதால், சீனர்கள் தம் குடும்பப் பெயரை உறுப்புகளாகப் பிரித்தே சொல்வார்கள்: 'மரம், பிள்ளை: லீ', 'வில், நீளம்: ஜாங்', 'இரட்டை மரம்: லின்'.