ஸ்பெயினின் அலிகான்தேயில் குடியேற: வாசகர் கேள்வி-பதில்

கே: நான்-லுக்ரேட்டிவ் விசாவில் வந்து, சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா?

கூடாது. பிழைப்புக்காக வேலை செய்யாதவருக்கான விசா அது. மாதம் 2,400 யூரோ, கூட வருபவர் ஒவ்வொருவருக்கும் 600 யூரோ என்று வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். லேப்டாப் வேலைக்கு டிஜிட்டல் நோமாட் விசா தனியாக இருக்கிறது. அதற்கு மாதம் ஏறக்குறைய 2,800 யூரோ வருமானம் தேவை. குறைந்தபட்சச் சம்பளத்தின் இருமடங்கு என்ற கணக்கு என்பதால், அது ஏறும்போது இதுவும் ஏறும்.

கே: 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கோல்டன் விசா (முதலீட்டுக்குத் தரும் குடியிருப்பு அனுமதி) கிடைக்குமாமே?

2025 ஏப்ரல் 3-ஓடு அது முடிந்துவிட்டது. இன்னும் கிடைக்கும் என்று சொல்லும் வீடியோவைப் பார்த்தால், அந்த வீடியோ எந்தத் தேதியில் வந்தது என்றும் பாருங்கள்.

கே: வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவாராம். நம் ஊரிலும் 11 மாதம்தானே, கையெழுத்துப் போடலாமா?

நம் ஊர் 11 மாதம் வேறு, இது வேறு. வாரத்துக்கு இரண்டு கடிதமாவது இதைப் பற்றி வருகிறது. நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான வாடகை ஒப்பந்தமாக இருந்தால் 5 ஆண்டு வரை நீட்டிக்கும் உரிமை உங்களுடையது. சட்டப்படியான வைப்புத்தொகை 1 மாத வாடகை, கூடுதல் உத்தரவாதம் அதிகபட்சம் 2 மாதம். 2023 முதல் தரகர் கமிஷனும் வீட்டுக்காரர் தலையில். 'தெம்பொராதா' என்ற பருவகால ஒப்பந்தத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை: வைப்புத்தொகை 2 மாதம், கமிஷன் உங்கள் பையிலிருந்து, 12-ஆம் மாதம் மூட்டைகட்ட வேண்டும். அவர் ஏன் 11 மாதம் கேட்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். அதோடு 'இந்த முகவரியில் எம்பத்ரோனார் (நகராட்சியில் குடியிருப்புப் பதிவு) செய்யக் கூடாது' என்று ஒரு வரியையும் சேர்ப்பார்கள். அந்த வரி செல்லாது, குடியிருக்கும் ஊரில் பதிவு செய்வது உங்கள் கடமை. தற்காலிகமாகத் தங்குவதற்கு உண்மையான காரணம் எதுவும் இல்லையென்றால், கோர்ட் பார்ப்பது ஒப்பந்தத்தின் தலைப்பை அல்ல, அந்த வீடு எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான். ஆனால் வந்த புதிதில் கோர்ட்டுக்கு யார் அலைவது? கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 10 யூரோ கட்டி 'நோத்தா சிம்ப்ளே' என்ற சொத்துப் பதிவேட்டுச் சுருக்கத்தை எடுத்தால் உண்மையான உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கே: இந்திய லைசென்ஸ் செல்லுமா?

ரெசிடென்ஸ் கிடைத்து 6 மாதம் வரை. இந்தியாவோடு லைசென்ஸ் மாற்றும் உடன்பாடு இல்லை, ஆகவே எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் முதலிலிருந்து எழுதித் தேற வேண்டும். கடற்கரை ஊரான பெனிதோர்ம் வரை டிராம் ஓடுகிறது. தேறும்வரை அதில் போங்கள்.

கே: வெயில் ஊர்தானே, கம்பளி எதற்கு?

ஜனவரிப் பகலில் வெளியே 16, 17 டிகிரி இருக்கும், வீட்டுக்குள் அதைவிடக் குறைவாக இருக்கும். தரை முழுக்க டைல்ஸ், பழைய கட்டடங்களில் ஹீட்டிங் கிடையாது, சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். தெற்குப் பார்த்த வீடாகத் தேடுங்கள், ஏசி சூடும் தருமா என்று கேளுங்கள். கரண்ட் ஒப்பந்தம் 3.45 கிலோவாட்டாக இருந்தால் ஹீட்டர், ஓவன், வாஷிங் மெஷின் மூன்றையும் சேர்த்துப் போட்டால் ட்ரிப் ஆகும்.

கே: டாக்குமென்ட் எல்லாம் ரெடி, வீடும் பிடித்தாயிற்று. வேறென்ன வேண்டும்?

எந்த டாக்குமென்ட் என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா சொல்வது? வரிசையையாவது சொல்கிறேன்: முதலில் அப்போஸ்டில் (ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குத் தரும் அரசுச் சான்று), பிறகுதான் ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்ப்பில் விடுபட்டுப்போய் இரண்டாம் முறை காசு கொடுக்க நேரும். மருத்துவக் காப்பீட்டில் கோ-பேமென்ட்டும் (சிகிச்சைச் செலவில் நீங்கள் கட்டும் பங்கு) காத்திருப்புக் காலமும் இருக்கக் கூடாது. வீடு பிடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்த்துவிட்டுத்தானே?

கே: டிஐஇ அட்டைக்கு (வெளிநாட்டவர் அடையாள அட்டை) அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தர 60 யூரோ கேட்கிறார்கள்.

அப்பாயின்ட்மென்ட் இலவசம். வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதனால் முதல் வாரத்திலிருந்தே காலையில் அப்பாயின்ட்மென்ட் தளத்தைத் திறந்து பாருங்கள்.