ஸோஹாரைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்

மன அமைதிக்காக ஸோஹார் என்னும் யூத மறைஞான நூலின் மொழிபெயர்ப்பை எடுத்ததாகவும், அதில் வரும் பத்து செஃபிரோத் (கடவுள் தம்மை வெளிப்படுத்தும் பத்து நிலைகள்) படத்தை மனப்பாடம் செய்வதிலேயே இரவுத் தூக்கம் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகாமல் என்ன செய்யும்! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிவந்த அரமேய நூல் அது. தோராவையும் (யூத வேதம்) தல்மூதையும் (யூதச் சட்ட விளக்கத் தொகுப்பு) கரைத்துக் குடித்தவர்களுக்கே தலை சுற்றும்.

யூத ஞானி பால் ஷெம் தோவ் (மறைவு 1760) வழிவந்த ஹசிதியர் என்னும் யூத பக்தி இயக்கத்தினர் ஆதியாகமம் 7:1-ஐ வேறு மாதிரிப் படிக்கிறார்கள். ‘பேழைக்குள் போ’ என்று நோவாவுக்குக் கட்டளை. பேழைக்கு எபிரேயத்தில் ‘தேவா’ (நம் இசையமைப்பாளர் இல்லை!). பிற்கால எபிரேயத்தில் அதற்கே ‘சொல்’ என்றும் பொருள். ஆக, வெளியே வெள்ளம் புரளும்போது ஜெபத்தின் ஒரே சொல்லுக்குள் போய் உட்கார்.

சங்கீதம் 131 எடுங்கள், மூன்றே வசனம். அதில் ‘பால்மறந்த குழந்தை’ என்று வருகிறதே, அங்கே நில்லுங்கள். பாலுக்கு அழாமல், வெறுமனே அம்மா மடியில் கிடக்கிற பிள்ளை. பத்து நிமிடம் போதும். எனக்கு மூன்றாவது மூச்சிலேயே கரண்ட் பில் ஞாபகம் வரும். சரி, திரும்பவும் அந்தச் சொல்லுக்கே வருவேன்.

அப்புறம், தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள்.