பழவேற்காட்டுப் படகுக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரிலிருந்து இரண்டு சிறு பிள்ளைகளோடும் எழுபது வயது மாமியாரோடும் பழவேற்காட்டுக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். பூநாரைகளை அருகில் காட்டித் தீவில் நண்டுச் சாப்பாடும் தருவதாகச் சொல்லும் ஒருவர், படகுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா? படகு இல்லாமல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: அனுப்ப வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. உங்களிடம் பணம் கேட்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. கரையில் காவலர் நின்றால் சவாரி நடக்காது என்று தெரிந்துதான் இத்தகைய தரகர்கள் பணத்தை முன்கூட்டியே வாங்குகிறார்கள். அதைத் திரும்பக் கேட்க உங்களிடம் ரசீதும் இருக்காது. பெரும்பாலும் இவர்கள் படகுக்குச் சொந்தக்காரர்களும் அல்லர். நீங்கள் கொடுக்கும் தொகையில் சிறு பங்குதான் மீனவருக்குப் போகிறது, ஆனால் பிடிபட்டால் வழக்கு அவர் மேல்தான் விழுகிறது.

"ஏரி இடுப்பளவுதான், பயம் வேண்டாம்" என்று சொல்வார்கள். ஏரியின் பெரும்பகுதிக்கு அது உண்மைதான். ஆனால் படகுகள் ஓடுவது ஆழமான கால்வாய்களில். முகத்துவாரத்தை நெருங்க நெருங்க, கடல் மட்டம் தாழும் நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வழியாகக் கடலை நோக்கி இழுக்கும். நீச்சல் தெரிந்தவரையே அந்த இழுப்பு புரட்டிவிடும் என்னும்போது, உயிர்காப்பு மேலாடை இல்லாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துவாரத்தில் குளிக்கவும் இறங்காதீர்கள்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தரகர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஏரிக்கு அப்பால் சாலை வசதி இல்லாத குப்பங்களில் வாழும் மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் படகில்தான் வந்து போகிறார்கள். அதை யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் முடியாது. "நீங்களும் ஊர்க்காரர்களைப் போலப் பயணிகளாக ஏறிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குப்பத்தில் உறவோ வேலையோ உள்ளவர் போவது போக்குவரத்து. பறவை பார்க்கக் காசு கொடுத்து ஏறுவது, எந்தப் பெயரில் ஏறினாலும், சவாரிதான். மீனவர் தம் வீட்டுத் திருமணத்துக்கு உங்களை அழைத்திருந்தால் அது வேறு. தரகர் அழைப்பது அப்படிப்பட்டதன்று.

இதில் எனக்குத் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. இத்தனை பேர் இறந்த பிறகு செய்ய வேண்டியது தெளிவாகவே இருந்தது: தகுதியுள்ள படகுகளுக்கு உரிமம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, உயிர்காப்பு மேலாடை கட்டாயம், கட்டணத்துக்கு ரசீது. தடை போடுவது ஒரு நாள் வேலை. முறையான ஏற்பாட்டுக்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைச் செலுத்த எந்த அலுவலகமும் முன்வராததால்தான் மறைவில் படகு ஓடுகிறது, தரகரும் பிழைக்கிறார்.

இனி, படகில்லாமல் பார்க்க வேண்டியவை. பூநாரைகள் ஆழம் குறைந்த நீரில் நின்று, அலகைத் தலைகீழாகச் சேற்றில் அமிழ்த்தி, நீரை வடிகட்டி உண்பவை. மோட்டார் படகு நெருங்கினால் கூட்டமாக எழுந்து பறந்துவிடும். ஆகவே கரையில் அசையாமல் நிற்பவருக்குத்தான் அவை நன்றாகத் தெரியும். பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரிக்குச் செல்லுங்கள். மழை மிகுந்த ஆண்டில் நீர் உயர்ந்திருந்தால் அவை வேறிடம் தேடிப் போயிருக்கலாம். அப்போதும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் இருக்கும். ஆந்திரத்தின் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவை நோக்கி ஏரியைக் கடக்கும் சாலையில் வண்டியிலிருந்தபடியே பறவைகளைப் பார்க்கலாம். மாமியாருக்கு அது எளிது, ஆனால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். அவர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூரையே வைத்திருந்தனர். கோட்டை இன்று புதர்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைகளோ எழுத்தும் சிற்பமும் மங்காமல் நிற்கின்றன. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இங்கிருந்து துணிகள் மட்டுமன்றி மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கலங்கரை விளக்கக் குப்பத்துக்குச் செல்லும் பாலத்தில் சற்று நின்றால், படகுகள் திரும்புவதையும் வலையை உதறுவதையும் காணலாம். ஏரியில் நிற்பதைவிட அதிகம் தெரியும் இடம் அது. மீனும் நண்டும் ஏலக் கரையில் காலையிலேயே வாங்குங்கள். சேற்று நண்டை உயிரோடும் கையில் கனமாகவும் இருந்தால் மட்டுமே எடுங்கள். உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். மடவை மீனும் இறாலும் ஏரியுடையவை. வெளியூர் ஐஸ் மீனையும் ஏரி மீன் என்று விற்பதுண்டு. செவுளைத் திறந்து பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். இவ்வூர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை அவர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து உண்டு. மாமியார் வருவதால் கழிப்பறைத் தேவையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொண்டு, குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். ஏரிக்கரையில் நிழல் அரிது.